பூனை ஏன் கீழே இறங்குகிறது?

கணக்குப் போடச் சொன்னால் பத்து நிமிஷத்துக்குள் தண்ணீர் குடிக்க எழுந்துவிடும் குழந்தை, அதே நாற்காலியில், வீடியோ விளையாட்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் இரண்டு மணி நேரம் இமை கொட்டாமல் உட்கார்ந்திருப்பதை நம் வீடுகளில் காணாதவர் இல்லை. ஒரே கட்டத்தில் இருபது தடவை தோற்றாலும் அதற்குச் சலிப்பு உண்டாவதில்லை. இருபத்தோராவது தடவையையும் முதல் தடவைக்குரிய உற்சாகத்தோடுதான் தொடங்குகிறது. கணக்கில் ஒரு தடவை தவறினால் நோட்டை மூடிவிடும் அதே உள்ளத்துக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது? அந்தப் பொறுமையில் ஒரு சிறு பங்கையாவது கல்வியின் பக்கம் திருப்ப முடியாதா? பெற்றோரும் உபாத்தியாயர்களும் நெடுநாளாகக் கேட்டுவரும் இந்தக் கேள்விக்கு ஒரு விடையை இந்த அத்தியாயத்தில் ஆராய்வோம். குழந்தையின் கையிலிருந்து விளையாட்டைப் பிடுங்குவது அந்த விடையன்று. விளையாட்டை ஆக்கும் வேலையை அதன் கையில் கொடுப்பதே அது.

ஆடுவதும் ஆக்குவதும்

விளையாட்டை ஆடுகிற குழந்தை, யாரோ வகுத்துவைத்த விதிகளுக்குள் சாமர்த்தியமாக நடந்துகொள்ளப் பழகுகிறது. எந்தச் சமயத்தில் குதிக்க வேண்டும், எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதையெல்லாம் அதன் விரல்கள் அறிந்துகொள்ளும். ஆனால், விரல் அறிந்ததை வாய் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. குதித்த பாத்திரம் ஏன் கீழே இறங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், "குதித்தால் இறங்கத்தானே செய்யும்?" என்று அது உங்களையே திருப்பிக் கேட்கும்.

ஆக்குகிறவருடைய நிலை வேறு. கணினித் திரையில் இயல்பாக நடப்பது என்று ஒன்றுமே கிடையாது. அங்கே பூமி இழுப்பதில்லை, சுவர் தடுப்பதில்லை, காலம்கூடக் கட்டளையிட்டால்தான் நகர்கிறது. ஒவ்வொன்றையும் ஒருவர் யோசித்து, ஐயத்துக்கு இடமில்லாத சொற்களில் எழுதிவைத்தாக வேண்டும். இப்படிச் செய்ய வேண்டிய காரியங்களை வரிசையாகக் கட்டளையிட்டு எழுதும் தொகுதிக்கு 'நிரல்' என்று பெயர். நாம் பேசாமலே அறிந்திருக்கும் விஷயங்களைப் பேசியே தீரவேண்டிய நிலையில் நிறுத்துவதுதான் நிரல் எழுதும் வேலையின் தனிச் சிறப்பு. கல்விக்கு அதனால் விளையும் நன்மையெல்லாம் இந்த ஓர் இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஆமையிலிருந்து பூனை வரை

இந்த யோசனை நேற்று முளைத்ததன்று. தென்னாப்பிரிக்காவில் 1928-ஆம் ஆண்டு பிறந்த சீமூர் பாப்பர்ட் என்ற கணித அறிஞர், மழலைப் பருவத்திலேயே மோட்டார் வண்டியின் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று சுழற்றும் அழகில் மனத்தைப் பறிகொடுத்தவர். பிற்காலத்தில் பள்ளிக்கூடத்துக் கணிதம் தமக்கு எளிதாக விளங்கியதற்கு அந்தச் சக்கரங்களின் மேல் வைத்த ஆசையே காரணம் என்று அவர் எழுதியிருக்கிறார். குழந்தைகளின் சிந்தனை வளரும் விதத்தை ஆராய்ந்த ழான் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில வருஷங்கள் பணியாற்றிய பிறகு அமெரிக்காவுக்குச் சென்று, 1967-இல் தம் சகாக்களான வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். அந்த மொழியில் குழந்தை இடும் கட்டளைக்கு ஏற்ப ஓர் 'ஆமை' நகர்ந்து கோடு கிழிக்கும்.

கணினியைக் கொண்டு குழந்தையைப் பழக்குவதைவிட, குழந்தையே கணினியைப் பழக்குவது மேலானது என்பது பாப்பர்ட்டின் அபிப்பிராயம். அவருடைய வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக் என்ற பேராசிரியரின் குழுவினர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டதுதான் 'ஸ்க்ராட்ச்'. இதில் கட்டளைகளை எழுத்துக்கூட்டி எழுத வேண்டியதில்லை. வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். திறந்தவுடன் திரையில் வந்து நிற்பது ஓர் ஆரஞ்சு நிறப் பூனை. அந்தப் பூனையைக் குதிக்கவைக்கும் ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு கல்வி அடங்கியிருக்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

முதல் குதி

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இந்தக் காரியத்தில் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இடத்தைப் பற்றியது. ஸ்க்ராட்ச் திரையின் அகலம் 480 அலகு, உயரம் 360 அலகு. பூஜ்யம் நட்டநடுவில் இருக்கிறது. மேலே போனால் 180 வரை, கீழே போனால் கழித்தல் 180 வரை. வகுப்பில் கழித்தல் எண்களைக் கண்டு மிரளுகிற குழந்தைகூட இங்கே, "பூனை தரையில் நிற்க வேண்டுமென்றால் கழித்தல் 120-இல் வை" என்று சாதாரணமாகச் சொல்லிவிடும்; இங்கே அந்த எண் பூனை நிற்கும் இடத்தின் பெயராகிவிடுகிறது.

அடுத்தது காலத்தைப் பற்றியது. திரையிலுள்ள காட்சி வினாடிக்கு 30 தடவை புதுப்பிக்கப்படுகிறது; ஒவ்வொரு தடவையையும் ஒரு 'துடிப்பு' என்று நாம் சொல்லிக்கொள்வோம். குதிப்பது என்றால் மேலே போய்க் கீழே வருவதுதானே என்று எண்ணுகிற சிறுமி, துடிப்புக்கு 5 அலகாகப் பத்துத் துடிப்புகள் மேலே ஏறவும், பிறகு அதே கணக்கில் பத்துத் துடிப்புகள் கீழே இறங்கவும் கட்டளைகளைப் பொருத்திவிட்டு, பொத்தானை அழுத்துகிறாள். பூனை ஏறுகிறது, இறங்குகிறது, ஆனால் அது குதிக்கவில்லை! மாடிக்கட்டடத்து லிஃப்ட் போல ஒரே சீராக ஏறி, உச்சியில் வெடுக்கென்று திரும்பி, அதே சீராக இறங்குகிறது.

"இது குதி மாதிரி இல்லையே" என்று அவளுக்கு உடனே தோன்றும். பிறந்தது முதல் பந்தையும் கூழாங்கல்லையும் எறிந்து எறிந்து பார்த்த கண் அவளுடையது. இது பொய் என்பதை அந்தக் கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். ஆனால், பொய் எங்கே இருக்கிறது என்று அவளால் இன்னும் சொல்ல முடியாது. கற்பிப்பவருக்கு இதைவிட உயர்ந்த தருணம் கிடைப்பது அரிது. ஏனென்றால், கேள்வி பாடப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அவளுடைய ஆசைக்கும் திரையில் நடந்ததற்கும் இடையே இருக்கும் வேற்றுமையிலிருந்து வந்திருக்கிறது.

பத்து, ஒன்பது, எட்டு

இந்தச் சமயத்தில் உபாத்தியாயர் விடையைச் சொல்லிவிடாமல், ஒரு பந்தை அவள் கையில் கொடுத்து, மேலே எறிந்து பார்க்கச் சொல்லலாம். பந்து கையை விட்டுக் கிளம்பும்போது மிக வேகமாகப் போகிறது. போகப் போகத் தளர்கிறது. உச்சியில் ஒரு கணம் தயங்குகிறது. பிறகு மெல்லத் தொடங்கி, வர வர விரைந்து கையில் வந்து விழுகிறது. அப்படியானால், துடிப்புக்குத் துடிப்பு மாறவேண்டியது உயரம் மட்டுமன்று; வேகமும் மாறவேண்டும்.

மாறுகிற ஓர் எண்ணைப் போட்டுவைக்கக் கணினியில் பெயரிட்ட பெட்டி ஒன்று உண்டு. அதற்கு 'மாறி' என்று பெயர். சிறுமி 'வேகம்' என்ற மாறியை உண்டாக்கி, பொத்தானை அழுத்தியவுடன் அதில் 10 என்ற எண்ணைப் போடுகிறாள். பிறகு அவள் எழுத வேண்டியவை இரண்டே கட்டளைகள். ஒவ்வொரு துடிப்பிலும் பூனையின் உயரத்தோடு வேகத்தைக் கூட்டு. வேகத்திலிருந்து ஒன்றைக் கழி. இவ்வளவுதான்.

என்ன நடக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். முதல் துடிப்பில் பூனை 10 அலகு ஏறுகிறது. அடுத்ததில் 9 ஏறி 19-ஐ அடைகிறது; பிறகு 8 ஏறி 27; பிறகு 34, 40, 45, 49, 52, 54, 55. பத்துத் துடிப்புகள் முடிந்ததும் வேகம் பூஜ்யமாகிறது. ஒரு துடிப்பு நேரம் பூனை 55 அலகு உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த துடிப்பில் வேகம் கழித்தல் 1. உயரத்தோடு கழித்தல் 1-ஐக் கூட்டினால் 54. பிறகு 52, 49, 45 என்று, ஏறின படிகளிலேயே விரைந்து இறங்கி, 21-ஆவது துடிப்பில் தரையைத் தொடுகிறது. மொத்தம் 0.7 வினாடி. பூனை ஓடிக்கொண்டே குதித்தால், எறிந்த கல் செல்லும் அதே வளைவு திரையில் தோன்றுகிறது. 'இறங்கு' என்ற கட்டளையை யாரும் இடவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒன்று ஒன்றாகக் கழிக்கும் அந்தச் சின்னக் கட்டளைதான் ஏற்றத்தைத் தளர்த்தியது. அதுவே உச்சியில் நிறுத்தியது. அதுவே கீழே இறக்கியது. பூமியின் ஆகர்ஷணம், அதாவது புவியீர்ப்பு, என்பதன் சாரமே இதுதான். ஏறும்போது ஒரு சக்தியும் இறங்கும்போது வேறொரு சக்தியும் வேலை செய்வதில்லை. இரண்டு சமயத்திலும் வேலை செய்வது ஒரே இழுப்பு.

இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ, சரிவான பலகையில் குண்டுகளை உருட்டி, ஒழுகும் தண்ணீரைக் கொண்டு காலத்தை அளந்து கண்ட உண்மையை 1638-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். சமமான காலப் பகுதிகளில் விழும் பொருள் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் வளர்கின்றன என்பது அவர் கண்டது. நம் சிறுமியின் பூனை 1, 2, 3, 4 என்று விழுகிறது. உலகத்துப் பொருளின் வேகம் இடைவிடாமல் வளர்வதாலும், திரைப் பூனையின் வேகம் துடிப்புக்குத் துடிப்பு படிப்படியாக வளர்வதாலும் எண்கள் வேறுபட்டன. ஆனால், ஒவ்வொரு படியிலும் மிகுதி ஒரே அளவாக இருக்கும் என்ற லட்சணம் இரண்டுக்கும் பொது. கலிலியோவின் பெயரைக் கேள்விப்படாமலே அவள் அவருடைய விதியின் வாசற்படியில் வந்து நிற்கிறாள்.

நிற்பதும் ஒரு செயல்

இனி ஒரு சங்கடம். தரை என்று ஒன்று இருப்பதைப் பூனைக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே அது இறங்கிய வேகத்தில் தரையைக் கடந்து, திரையின் அடிவிளிம்பு வரை போய்விடுகிறது. சிறுமி, "தரையையோ மேடையையோ தொட்டால், அதன் மேல் நில்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறாள். 'தொட்டால்' என்பதில் உள்ள 'ஆல்' என்ற சிறு விகுதிதான் கணினியின் தர்க்கம் முழுவதையும் தாங்கும் தூண். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுவதற்காக உண்டாக்கப்பட்ட 'எழில்' என்ற கணினி மொழியில், நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பின்னே 'ஆனால்' என்ற சொல்லை வைக்கிறார்கள்; நம் பேச்சின் முறையும் அதுவே அல்லவா?

நிபந்தனை சேர்ந்ததும் பூனை ஒழுங்காக நிற்கிறது, குதிக்கிறது. வேலை முடிந்ததென்று நினைத்தால், வேடிக்கையான ஒரு விபரீதம் காத்திருக்கிறது. உயரமான மேடையில் பத்து வினாடி நின்றுவிட்டு, விளிம்பைத் தாண்டி ஓர் அடி வைத்தால், பூனை விழுவதே கண்ணுக்குத் தெரியாமல் ஒரே துடிப்பில் அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது! காரணத்தைத் தேடினால், பெட்டிக்குள் இருக்கிறது. பூனை நின்ற இடத்தை நிரல் காப்பாற்றியதே தவிர, வேகத்தைப் பூஜ்யமாக்க மறந்துவிட்டது. வெளியே அசையாமல் நின்ற பத்து வினாடியில் உள்ளே 300 துடிப்புகள் ஒன்று ஒன்றாகக் கழிந்து, வேகம் கழித்தல் 300 ஆகிவிட்டது. 'வேகத்தைப் பூஜ்யமாக்கு' என்ற ஒரு கட்டையைச் சேர்த்தவுடன் விபரீதம் மறைகிறது.

இதில் அவள் கற்றது கணினி வித்தை மட்டுமா? சும்மா நிற்பது என்பது ஒன்றும் நடக்காத நிலையன்று. பூமி இழுத்துக்கொண்டே இருக்க, தரை தடுத்துக்கொண்டே இருக்கும் நிலை அது. பௌதிக வகுப்பில் பல மாணவர்கள் மனப்பாடம் செய்தும் நம்பாமல் விடுகிற இந்த உண்மையை, தன் பூனையின் விபத்தின் மூலம் அவள் பிரத்தியட்சமாகக் கண்டுகொள்கிறாள்.

பிழை திருத்துதல் என்ற பழக்கமும் இங்கேதான் வேர்கொள்கிறது. கணினி கோபித்துக்கொள்வதில்லை, சிவப்பு மை இடுவதில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்து காட்டிவிட்டுக் காத்திருக்கிறது. குற்றம் தன் குணத்தில் இல்லை, எழுதிய கட்டளையில் இருக்கிறது என்று குழந்தை அறியும்போது, தவறு அவமானமாக இருந்த நிலை மாறி, தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு பொருளாகிறது. இருபத்தோராவது தடவையும் முயலும் அந்தப் பொறுமையின் ரகசியம் இதுவே. தோல்வி உடனே தெரிகிறது, சிறிதாக இருக்கிறது, திருத்தும் சக்தி தன் கையிலேயே இருக்கிறது.

விதியை மாற்றும் உரிமை

இதுவரை உலகத்து விதியைத் திரையில் நாட்டினோம். கற்பனை விழித்துக்கொள்வது, அந்த விதியை மாற்றலாம் என்று தெரிந்த கணத்தில்தான். சந்திரனின் ஆகர்ஷணம் பூமியினுடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. சிறுமி அதைக் கேள்விப்பட்டு, கணக்குக்கு எளிதாக ஐந்தில் ஒரு பங்காக வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழிக்கும் இடத்தில் 0.2-ஐக் கழிக்கிறாள். 55 அலகு குதித்த பூனை 255 அலகு உயரம் எழும்பி, மூன்று வினாடிக்கு மேல் மிதந்து இறங்குகிறது. ஓர் எண் மாறியது. ஓர் உலகமே மாறிவிட்டது.

தேர்ந்த விளையாட்டுச் சிருஷ்டிகர்த்தர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஜப்பானில் 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில், பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அதற்கு ஏற்ப மாரியோவின் குதியும் உயர்கிறது. பூமியில் நடக்காத விஷயம், ஆனால் ஆடுகிறவரின் விரலுக்கு அதுவே இயல்பாகப் படுகிறது. அதற்கு முன் 1978-இல் டோமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், பகைவர் கூட்டம் குறையக் குறைய, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால், இயந்திரம் மிச்சமுள்ளவர்களை விரைவாக நகர்த்தத் தொடங்கியது. இயந்திரத்தின் பலவீனத்தால் நேர்ந்த இந்த மாறுதலை அவர் திருத்தவில்லை. ஆட்டம் முற்ற முற்றப் பரபரப்பு ஏறுவதைக் கண்டு அப்படியே வைத்துக்கொண்டார். எந்தப் பிழையைத் திருத்துவது, எந்தப் பிழையைப் போற்றுவது என்று நிதானிக்கும் இந்த விவேகத்தையே படைப்பாற்றல் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, ஆனால் பழகிக்கொள்ள இடம் கொடுக்க முடியும்.

பின்னம் கற்பித்த பிள்ளைகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில் யாஸ்மின் கஃபாய் என்ற ஆராய்ச்சியாளர் செய்த பரிசோதனை இங்கே நினைக்கத்தக்கது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேரிடம், தங்களுக்கு இளைய மூன்றாம் வகுப்பினருக்குப் பின்னம் கற்பிக்கும் விளையாட்டுகளை லோகோ மொழியில் ஆக்கும்படி சொல்லி, மாதக்கணக்கில் அவர்கள் வேலை செய்ததைக் கவனித்து, 1995-இல் ஒரு நூலாக எழுதினார். பிள்ளைகளில் பலர், சாகசப் பயணத்தின் நடுவே ஒரு காவலனை நிறுத்தி, அவன் கேட்கும் பின்னக் கேள்விக்கு விடை சொன்னால்தான் வழி விடுவான் என்று அமைத்தார்கள். பின்னமே ஆட்டமாக அமைவது கடினமாக இருந்தது. ஆனாலும், அரையையும் காலையும் இன்னொரு குழந்தைக்கு எப்படிக் காட்டுவது என்று யோசிக்கிறபோது, அந்தப் பிள்ளைகள் விடை எழுதும் மாணவன் என்ற நிலையிலிருந்து, பிறர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் ஆசானுடைய நிலைக்கு உயர்ந்துவிட்டார்கள்.

உபாத்தியாயரின் இடம்

கணினியை வாங்கி வைத்துவிட்டால் இவ்வளவும் தானாக விளைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கட்டைகளை இந்த வரிசையில் பொருத்து என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, முப்பது பிள்ளைகளும் ஒரே பூனையை ஒரே விதமாகக் குதிக்கவைத்தால், பழைய மனப்பாடமே புது வேஷத்தில் வந்திருக்கிறது என்று பொருள். முதலில் காகிதத்தில் தன் விளையாட்டை வரையச் செய்வது, பெரிய ஆசையைச் சிறு சிறு காரியங்களாகப் பிரிக்கச் சொல்வது, தடுமாறும்போது விடையைத் தராமல், "பூனை என்ன செய்யும் என்று நினைத்தாய்? என்ன செய்தது?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்பது, 55 என்பது ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகைதான் என்பதை அவளே காணும்படி பென்சிலை நீட்டுவது, இவையே உபாத்தியாயரின் வேலை. கோப்புக்குப் பொருத்தமான பெயரிட்டுச் சேமிப்பது, பிறருடைய நிரலைத் திறந்து படிப்பது, அதிலிருந்து எடுத்துக்கொண்டால் மூலத்தை ஆக்கியவரின் பெயரைச் சொல்வது ஆகிய டிஜிட்டல் பழக்கங்களும் இந்த வேலையின் ஊடே, தனிப்பாடமாகச் சுமத்தப்படாமல், கைவந்துவிடும்.

தம்பியின் விரல்

கடைசியாக ஒரு பரீட்சை இருக்கிறது. சிறுமி தன் விளையாட்டைத் தம்பியிடம் கொடுக்கிறாள். அவள் எப்போதும் ஒரு தடவை அழுத்தி, பூனை இறங்கும் வரை காத்திருந்து, மறுபடி அழுத்துவாள். தம்பிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. அவன் பொத்தானைத் தொடர்ந்து தட்டுகிறான். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டியில் 10 மறுபடி விழ, பூனை காற்றிலேயே காலூன்றி மேலும் மேலும் ஏறி, திரையின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்கிறது.

"அப்படி அழுத்தக் கூடாதுடா!" என்று அவள் முதலில் கத்துவாள். சற்றுப் பொறுத்து, அழுத்தியவன்மேல் குற்றமில்லை, அழுத்துவான் என்று தான் எண்ணிப் பார்க்காததே குறை என்பது அவளுக்குப் புரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும்' என்ற நிபந்தனைக் கட்டையைக் குதிக்கும் கட்டளைக்கு மேலே பொருத்துவாள். இந்தத் தடவை கணக்கையோ பூமியின் ஆகர்ஷணத்தையோ அவள் யோசிக்கவில்லை. இன்னொருவருடைய விரலை யோசிக்கிறாள். பிறகு எழுந்து, இடத்தை விட்டுக்கொடுத்து, "இப்போது எப்படி வேண்டுமானாலும் அழுத்திப் பாரடா" என்பாள்.